கோந்து டீச்சரின் வண்ண வாரம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். குழந்தைகளின் சுற்றுப்புறத்தில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கற்றல் துணைக்கருவிகளைச் செய்ய வேண்டும் என்பது அந்த வரி. நல்ல வரிதான். நானும் ஒரு காலத்தில் அதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவள். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றும் யாராவது மேடையில் அந்த வரியைச் சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆரணியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்கள்.

முதலில் என் திறமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில ஆசிரியர்கள் அழகாகப் பாடுவார்கள், சிலர் கதை சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். எனக்கு இரண்டும் வராது. நான் பாட ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பு சார் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கு வந்ததெல்லாம் ஒட்டுவது. மைதா மாவைக் காய்ச்சி, துளி மயில்துத்தம் போட்டுக் கோந்து செய்து, கையில் கிடைத்ததையெல்லாம் சார்ட்டில் ஒட்டிவிடுவேன். தொண்ணூறுகளில் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. அங்கே விதைகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது துவரை, உளுந்து, காராமணி, வேர்க்கடலை எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி, பெயர் எழுதி, வகுப்பில் மாட்டினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வேர்க்கடலை இருந்த இடத்தில் கோந்தில் ஒட்டிய அரைப் பருப்புகள் மட்டும் இருந்தன. மயில்துத்தம் கலந்த கோந்தாயிற்றே என்று அன்று முழுக்கப் பிள்ளைகளின் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, கோந்து ஒட்டாத பக்கத்தை மட்டும் சாமர்த்தியமாகக் கடித்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் புத்தியும் வரவில்லை.

அப்புறம் ஆரணிக்கு மாறுதல் கிடைத்தது. நான் பிறந்தது தேவிகாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில். நெல் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன். பட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்குக் கட்டுவது, பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி பீரோவில் வைப்பது, அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நெசவு வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் உட்கார்ந்தால் சுற்றியுள்ள தெருக்களில் தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் தலைவலிக்கும், பிறகு பழகிவிட்டது. அந்தச் சத்தத்தின் மீது எனக்கிருந்த அக்கறை அதோடு முடிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது உங்களுக்குத் தெரியும். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் தாங்களே அட்டையை எடுத்துத் தாங்களே படிக்க வேண்டும். எனக்கு ஒரே கொண்டாட்டம். அதுவரை என் கோந்து டப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள், இனி இதுதான் கல்வி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை, தலைமையாசிரியர் மூச்சிரைக்க வந்தார்.

"வெள்ளிக்கெழம கல்வி அலுவலர் வராருங்களாம் டீச்சர். உங்க மூணாம் வகுப்பைத்தான் காட்டப் போறேன். சுவத்துல இன்னாத்தையாச்சும் ஒட்டி வைங்க."

எங்கள் தலைமையாசிரியர் தங்கமான மனிதர். அலுவலர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் நின்ற இடத்தில் நிற்க மாட்டார். நான் அவரைத் தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டு, அந்த நிமிடமே ஒரு திட்டம் போட்டேன். வண்ண வாரம். இன்றைக்கு அறிவிப்பு, செவ்வாய்க்கிழமை வண்ண நூல்களைச் சேகரித்து வகைப்படுத்துவது, புதன்கிழமை சுவர் அளவுக்கு ஒரு பெரிய சூரியகாந்திப் பூவை நூலாலேயே செய்வது, வியாழக்கிழமை பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசிப் பழகுவது, வெள்ளிக்கிழமை அலுவலர் வந்து அசந்துபோவது. கடைசிப் பகுதியை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கு எல்லாரும் வீட்லேர்ந்து கலர் நூல் எடுத்துகினு வரணும். யாரு அதிகமா எடுத்துகினு வராங்களோ அவங்களுக்குச் சட்டையில ஸ்டார்" என்றேன்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேனா? இல்லை. வீட்டில் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேனா? அதுவும் இல்லை. போதாக்குறைக்கு ஜிகினாக் காகிதத்தில் வெட்டிய ஒரு நட்சத்திரத்தையும் ஆட்டிக் காட்டினேன்.

மறுநாள் பிள்ளைகள் தையல் கடை நூல், பூக்கட்டுகிற நார், பழைய ஸ்வெட்டரிலிருந்து பிரித்த உல்லன், தறியடியில் விழுந்த கழிவுப் பட்டு என்று என்னென்னவோ கொண்டுவந்தார்கள். பவானி என்று ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எதையும் முதலில் முடித்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஒரு துணிப்பை நிறையத் தார் கொண்டுவந்து பாயில் கொட்டினாள். தார் என்றால் தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சி. குறுக்கே நெய்ய வேண்டிய நூலை அதில் சுற்றி வைத்திருப்பார்கள். அத்தனையிலும் நல்ல மாம்பழ மஞ்சளில் பளபளவென்று பட்டு. எனக்குச் சூரியகாந்தியின் இதழ்கள் கண்முன் வந்துவிட்டன.

"இவ்ளோ நூலு எங்கடி கெடச்சுது?" என்று கேட்டேன்.

"வூட்ல நெறைய கீது டீச்சர்" என்றாள்.

நட்சத்திரத்தை அவள் சட்டையில் குத்திவிட்டேன். அன்று முழுக்க அவள் குனியவே இல்லை, குனிந்தால் நட்சத்திரம் கசங்கிவிடும் என்று.

அன்றைய வகுப்பு நன்றாகவே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நூல்களை வண்ணவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். நான் மஞ்சள் என்று ஒரே குவியலாக வைத்ததைப் பிள்ளைகள் மாம்பழம், எலுமிச்சை, சந்தனம் என்று பிரித்துக்கொண்டே போனார்கள். ஊதா என்றால் கத்திரிப்பூவா வாடாமல்லியா என்று என்னையே கேட்டார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் அவர்களே பெயர் எழுதினார்கள். இதையெல்லாம் நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று அன்று மனதார நம்பினேன்.

புதன்கிழமை சூரியகாந்தி. நான்கு சார்ட்டுகளைச் சேர்த்து ஒட்டி, கரியில் பூவை வரைந்து, பவானி கொண்டுவந்த பட்டையெல்லாம் தாரிலிருந்து பிரித்து, இதழ் அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி ஒட்டினோம். முதல் வெட்டு விழுந்தபோது பவானி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கோந்து வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் பூ தயார். தலைமையாசிரியர் வந்து பார்த்து, தூரப் போய்ப் பார்த்து, மறுபடியும் கிட்டே வந்து பார்த்தார். "இனிமே கவலையில்ல டீச்சர்" என்றார்.

வியாழக்கிழமை காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் நுழைகிறேன், பவானியின் அம்மா வாசலில் நிற்கிறார். கூடவே பவானி. சட்டையில் நட்சத்திரம் அப்படியே இருந்தது.

"டீச்சரம்மா, எங்க பவானி இங்க தாரு எடுத்துகினு வந்துச்சுங்களா?"

மகளின் கைவேலையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாயெல்லாம் பல்லாக, "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சூரியகாந்திக்கு முன்னால் நிறுத்தினேன். "எப்பிடி வந்திருக்கு பாத்தீங்களா?"

அவர் பார்த்தார். ஒரு இதழைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டிட்டீங்களாங்க" என்றார்.

அதன் பிறகுதான், அந்த ஊரில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் தெரிந்துகொள்ளாத விஷயத்தை அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். வீட்டில் இருக்கிற பட்டு அவர்களுடையது இல்லை. முதலாளி எடை போட்டுக் கொடுப்பது. நெய்து முடித்த புடவையும் மிச்ச நூலும் கழிவும் அதே எடைக்குத் திரும்பிப் போக வேண்டும். குறைந்தால் விற்றுவிட்டதாக அர்த்தம். அடுத்த புடவைக்கான பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், கிடைக்காது.

"தை மாசக் கல்யாணத்துப் பொடவைங்க. முந்தி போடறதுக்கு வெச்சிருந்த நூலு. நேத்து சாயங்காலம் எங்க வூட்டுக்காரரு பையைத் தேடினா காணோம். எலி இழுத்துகினு போயிருக்கும்னு மொதலாளிகிட்டப் போயி சொல்லிட்டாரு. மொதலாளி நம்பலைங்க. இன்னிக்குக் காத்தாலதான் இது வாயைத் தொறந்துச்சு. பாவு குடுக்கலைன்னா தறி சும்மாக் கெடக்கும். நாங்க இன்னாங்க பண்றது?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "முடிச்சுப் போட்டு எடுத்துக்க முடியாதாங்க?" என்று கேட்டேன். முடியை விட மெல்லிய நூல், அதுவும் விரல் நீளத்துக்கு வெட்டி, மைதாக் கோந்தில் குளித்த நூல். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. என் முகத்தைச் சும்மா ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

இதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பார்வை அந்த அம்மாளிடம் போகவில்லை, சார்ட்டுக்குத்தான் போனது.

"இன்னிக்கு ஒரு நாளு பொறுத்துக்குங்கம்மா. நாளைக்கு அலுவலர் பாத்துட்டுப் போனதும் டீச்சரே உங்க மொதலாளிகிட்ட வந்து பேசுவாங்க. ஒரு நாள்ல இன்னா ஆவப் போவுது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் அதைக் கேட்டதும் எனக்கும், அப்பாடா, நியாயமான யோசனை என்றுதான் தோன்றியது. அப்படியே தலையாட்டியிருப்பேன். அந்த நேரம் பார்த்துப் பவானி கண்ணில் பட்டாள். சட்டையில் குத்தியிருந்த நட்சத்திரத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊக்கு மாட்டிக்கொண்டு வரவில்லை. அழாமல், சத்தம் போடாமல், இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

கிட்டே போய் ஊக்கைக் கழற்றிவிட்டேன். பிறகு சுவரிலிருந்து சார்ட்டை எடுத்தேன்.

"எங்கம்மா எடுத்துகினு போறீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"மொதலாளி வீட்டுக்கு சார்."

"நாளைக்கு நான் அலுவலருக்கு இன்னாத்தைக் காட்டுவேன்?"

"தெரியல சார்" என்றேன். என் பணிக்காலத்தில் அவரிடம் நான் சொன்ன மிக நேர்மையான பதில் அதுதான்.

நான்கு சார்ட் சேர்ந்த பூவைச் சுருட்ட முடியவில்லை. காய்ந்த கோந்து வெடித்து நூல் உதிர்ந்தது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் பவானியின் அம்மா, கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவது போலப் பிடித்துக்கொண்டோம். பவானி பின்னாலேயே வந்து உதிர்கிற இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாவாடையில் சேர்த்துக்கொண்டாள். பள்ளி நேரத்தில் ஒரு டீச்சர் நடுத்தெருவில் சூரியகாந்தியைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் இருந்த ஒருவர், "இன்னா டீச்சர், சாமி ஊர்வலமா?" என்று கேட்டார். சைக்கிளில் போனவர் இறங்கி நின்று வழிவிட்டார்.

முதலாளி கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தராசு. நான் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்ததை எடுத்துவிட்டேன். செயல்வழிக் கற்றல், குழந்தை மையக் கல்வி, சுற்றுப்புறப் பொருள்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது ஒண்ணும் புரியலைங்க. என் பட்டு எங்க?" என்றார்.

சார்ட்டைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் எழுந்து வந்தார். ஒரு நூலைப் பிய்த்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலில் தேய்த்தார்.

"என்னுதுதான். இதை எதுக்குங்க வெட்டினீங்க?"

"சூரியகாந்திப் பூ செய்யறதுக்குங்க."

பள்ளிக்கூடத்தில் எவ்வளவோ பெரிதாகத் தெரிந்த விஷயம் அந்தக் கூடத்தில் சொன்னபோது எப்படி ஒலித்தது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"சொல்லியிருந்தா பொடவையிலயே போட்டிருப்பமே" என்றார் அவர், சிரிக்காமல். பிறகு சார்ட்டைத் தூக்கித் தராசுத் தட்டில் வைக்கப் பார்த்தார். அது எந்தப் பக்கம் வைத்தாலும் சரிந்தது. "இதுல பட்டு எத்தினி, அட்டை எத்தினி, உங்க கோந்து எத்தினி? யாரு சொல்றது?"

"நான் வேணும்னா புதுப் பட்டு வாங்கிக் குடுத்துடறேங்க."

"எங்க வாங்குவீங்க? இந்தக் கலரு ஒரே தபா சாயம் போட்டது. மறுபடி போட்டா இது வராது."

அவர் பவானியின் அம்மாவைப் பார்த்தார்.

"எலின்னு சொன்னான் உன் வூட்டுக்காரன். எலி தாரோடயா எடுத்துகினு போவும்? நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்." மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பாவைக் காட்டினார். "உங்களுக்குன்னு வெச்சிருந்ததுதான். மத்தியானம் சேவூர்லேர்ந்து ஆளு வரான், அவங்கிட்டக் குடுத்தனுப்பறதா இருந்தேன்."

ஒரு நாளில் என்ன ஆகப் போகிறது என்று தலைமையாசிரியர் கேட்டாரே, அதற்குப் பதில் அந்த மூலையில் இருந்தது. மத்தியானத்துக்கு இன்னும் ரொம்ப நேரம் இல்லை.

பவானி முன்னால் வந்தாள். பாவாடையில் சேர்த்திருந்த நூல் துண்டுகளைத் தராசுத் தட்டில் கொட்டினாள். முதலாளி அவளையும் தட்டையும் பார்த்தார்.

"போயி உன் வூட்டுக்காரனை வரச் சொல்லும்மா. பாவை எடுத்துகினு போவட்டும். சேவூர்ல இதே சாயத்துல ஒரு தறி ஓடுது, அங்க மிச்சம் இருந்தா முந்திக்கு வாங்கித் தரேன். இல்லைன்னா கல்யாண வூட்ல பேசி வேற கலர்ல முந்தி போட்டுக்கலாம்." பிறகு என்னிடம் திரும்பி, "இந்தப் பூ இங்கயே இருக்கட்டுங்க. கல்யாண வூட்டுக்காரங்க வந்து கேட்டா இதைக் காட்டாம நான் சொன்னா எவன் நம்புவான்?" என்றார்.

பவானியின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜல்தியாக வீட்டைப் பார்த்து நடந்தார்.

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். சுவரில் சூரியகாந்தி இருந்த இடத்தில் நான்கு மூலைக்கும் கோந்துக் கறை மட்டும் இருந்தது. "வண்ண வாரம்னு சொன்னீங்க. வண்ணம் எங்கங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "மொதலாளி வூட்ல கீது சார்" என்றான்.

அப்புறம் யாரால் நிறுத்த முடியும்? பட்டை எப்படி எடை போடுவார்கள், சாயம் ஏன் மறுபடி ஒத்துப்போகாது, பாவு என்றால் என்ன, டீச்சர் எப்படி வெட்டினார்கள் என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். தப்பாகச் சொன்னவனை மற்றவர்கள் திருத்தினார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு அதிகாரிக்கு முன்னால் அவ்வளவு நேரம் பேசி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அலுவலர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, வகுப்பறையில் காட்சிப் பொருள்கள் போதவில்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியது உண்மைதான். தலைமையாசிரியர் அடுத்த வாரம் வரை என்னிடம் பேசவில்லை. ஊர் எனக்குக் கோந்து டீச்சர் என்று பெயர் வைத்தது. ஓய்வு பெறும் நாள் வரை பூக்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லும் முன், அந்த வீட்டில் அது யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற பொருளெல்லாம் அந்த வீட்டாருடையது இல்லை. குழந்தைக்கு அது தெரிந்தாலும் நட்சத்திரத்தைக் காட்டினால் மறந்துவிடும். ஆசிரியருக்கு அலுவலரைக் காட்டினால் மறந்துவிடுவது போலத்தான். இதை உங்களுக்குச் சொல்லவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் இந்தப் பாடத்தை அந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து பவானி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் பாயிலிருந்து அட்டையை எடுப்பார்கள், அவள் எடுக்க மாட்டாள். நான் எடுத்து நீட்டினாலும் பார்வையாலேயே படித்துவிட்டுச் சும்மா இருப்பாள். அவள் அப்பாவுக்குப் பாவு கிடைத்துவிட்டது, சேவூரிலிருந்து நூலும் வந்துவிட்டது, புடவையும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கைகள் முன்னால் வரவில்லை. ராத்திரி படுத்தால் எனக்கு அதுவே ஞாபகம். இரண்டு வாரம் கழித்து ஒரு சனி, ஞாயிறு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை என் வீட்டிலிருந்தே நூல் கொண்டுபோய், அவளைக் கொண்டே ஒரு சின்னப் பூ செய்ய வைப்பது.

அப்படியே பச்சை, சிவப்பு, வெள்ளை என்று அழகழகான உல்லன் உருண்டைகளை எடுத்துப்போய்ப் பாயில் வைத்தேன். "இந்தத் தடவை யாரும் எதுவும் கொண்டாற வேணாம். இது டீச்சர் வீட்டு நூலு" என்றேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். பவானி எழுந்து வந்தாள். கைகள் பின்னால்தான். உருண்டைகளைக் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"இது யாருது டீச்சர்?"

"எங்க மாமியாருது."

"அவங்களைக் கேட்டீங்களா?"

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்கலம்மா" என்றேன்.

பவானி கைகளை முன்னால் நீட்டினாள். ஒவ்வொரு உருண்டையாக எடுத்து, நூல் பிரியாமல் சுற்றி, என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வூட்டுக்குப் போயி மொதல்ல கேட்டுகினு வாங்க டீச்சர். நாங்க நாளைக்குப் பண்ணிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, பாயிலிருந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் கேட்டேன். பேரனுக்கு ஸ்வெட்டர் பின்ன வைத்திருக்கிறேன், தர முடியாது என்றுவிட்டார்.